ஃபேவர் லூபாவும் பழைய தர்மபுரி மாவட்டமும்

தாத்தா காலத்துப் பெட்டியைக் கிளறும்போது கீ கொடுக்கிற வாட்ச் ஒண்ணு கிடைச்சு, டயல்ல 'ஃபேவர் லூபா'ன்னு போட்டிருந்தா பத்திரமா எடுத்து வைங்க மக்களே. அந்தப் பேருக்குப் பின்னாடி இருக்கற கதை சுவிட்சர்லாந்துல ஆரம்பிச்சு, பம்பாய் வழியா நம்ம ஓசூர் வரைக்கும் வருது.

1737-ல் லெ லோக்ல் என்ற ஊரில் ஆப்ரஹாம் ஃபாவ்ர் கடிகாரம் செய்பவராகப் பதிவாகியிருக்கிறார். கம்பெனியோட வயசை அங்கேருந்துதான் எண்ணுறாங்க. 19ஆம் நூற்றாண்டுல லூபா குடும்பமும் சேர, பேரு ரெட்டைப் பேராச்சு. ஃப்ரிட்ஸ் ஃபாவ்ர் 1865-ல் இந்தியாவுக்கே வந்துட்டார். பம்பாய் அவங்களுக்குப் பெரிய சந்தையானது அப்படித்தான்.

சும்மா பேரை வெச்சு ஓட்டின குடும்பமும் இல்லை. 1962-ல் வந்த 'பிவூவாக்' காற்றழுத்தத்தை வெச்சு மலை உயரம் காட்டும். 1968-ல் வந்த 'பாத்தி' கடலுக்குள்ள ஆழம் காட்டும். ரெண்டுமே பேட்டரி இல்லாம!

அடுத்த வருஷமே இடி விழுந்தது. 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை இறக்கியது. விலை இறங்க இறங்க, சுவிஸ் கடிகாரத் தொழில்ல 1970 வாக்கில் இருந்த சுமார் 90,000 வேலைகள் 1980களின் கடைசியில் சுமார் 30,000 ஆயிடுச்சு. எட்டு தலைமுறையா நடத்திய ஃபாவ்ர் குடும்பமும் 1980களில் கம்பெனியைக் கைவிட, அந்தப் பேரு பல கை மாறியது.

இதே குவார்ட்ஸ்தான் நம்ம பக்கம் ஒருத்தரை வாழ வெச்சது. 1984-ல் தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கினாங்க. தொழிற்சாலை ஓசூர்ல. 2004-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும் வரை ஓசூர் தர்மபுரி மாவட்டம்தான். எச்.எம்.டி. பெரும்பாலும் கீ கொடுக்கிற வாட்ச் வித்துக்கிட்டிருந்தப்ப, டைட்டன் குவார்ட்ஸ் மேல பணம் கட்டி ஜெயிச்சது. இன்னைக்கும் அதுல சுமார் 28 சதவீதப் பங்கோட முதல் இடத்துல இருப்பது டிட்கோ!

2011-ல் அதே டைட்டன் சுமார் 20 லட்சம் யூரோ கொடுத்து ஃபேவர் லூபாவை வாங்கியது. 2016-ல் புது மாடல்கள் வந்தன. ஆனா எதிர்பார்த்த மாதிரி எடுபடலை. 2023-ல் இன்னொரு இந்திய நிறுவனமான ஈத்தோஸ் கைக்குப் போய், 2024-ல் மறுபடி கடைக்கு வந்தது.

இதுல எனக்குப் படுறது இதுதான். 2002-ல் டைட்டன் கொண்டுவந்த 'எட்ஜ்' வாட்ச்சோட இயந்திரத்தின் கனம் வெறும் 1.15 மில்லிமீட்டர். அதுக்கு முன்னூறு வருஷப் பரம்பரையோ, பெரிய குடும்பப் பேரோ தேவைப்படலை. இருபது வருஷத்துக்குள்ள கத்துக்கிட்ட வேலை அது. பேரை யார் வேணா விலைக்கு வாங்கலாம், விக்கலாம். கைத்திறனை ஊர்ல வளர்த்துத்தான் எடுக்கணும். பரம்பரைப் பெருமை பேசுற நாமெல்லாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய மேட்டர், இல்லையா?