மான் துப்பாக்கியும் பதினொரு வயதும்

விஸ்கான்சினில் இருக்கும் சித்தப்பா பையன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, பெரியவனுக்குப் பதினொரு வயசு. கூடப் படிக்கிற பசங்க நவம்பர்ல அப்பாவோட மான் வேட்டைக்குப் போறாங்க. இவனும் ரைஃபிள் கேக்கறான். எது வாங்கலாம்?"

நிக்டியில் உட்கார்ந்து லோன் ஃபைல் பார்க்கிறவனிடம் இதைக் கேட்கிறானே என்று யோசித்தேன். சின்ன வயதில் அவனுக்கு ஜிம் கார்பெட் கதை சொன்ன பாவம் :-)

ஆனால் கார்பெட்டிடமே இதற்குப் பதில் இருக்கிறது. 1875-இல் நைனிதாலில் பிறந்தவர். சிறுவனாக அவருக்குக் கிடைத்த முதல் துப்பாக்கி, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல். வலது குழல் பிளந்திருந்தது; கட்டையும் குழலும் பித்தளைக் கம்பிச் சுற்றில்தான் நின்றன. அதாவது ஒரு குண்டு போட்டால் அடுத்ததற்கு நிதானமாகக் கெட்டிக்க வேண்டும். பொறுமை தானாக வந்துவிடும். பிறகு நைனிதால் தொண்டர் படையின் மாணவர் பிரிவில் சேர்ந்து, .450 மார்ட்டினி ரைஃபிளை இரவல் வாங்கினார். சுத்தமாக வைத்திருக்க வேண்டும், காலித் தோட்டாக்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. (எங்கள் பிராஞ்சில்கூட இவ்வளவு ஒழுங்கான கடன் நிபந்தனை கிடையாது!) முதல் சிறுத்தையைச் சுட்டது அதில்தான்.

அந்த ரைஃபிள் தோளில் பலமாக உதைக்கும். மார்ட்டினியின் குண்டு 480 கிரெய்ன், சுமார் 31 கிராம். அமெரிக்காவில் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சொல்லப்படும் .243 விஞ்செஸ்டர் 1955-இல் வந்தது. அதில் மானுக்கான குண்டு 100 கிரெய்ன், ஆறரை கிராம். உதை குறைந்தால் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுக்காது. குறி தப்பினால் காயத்தோடு ஓடுவது மான்தான். தம்பியிடம் முதலில் இதைத்தான் சொன்னேன்.

நம் ஊரிலும் வேட்டைக்கு வரம்பு பழையதுதான். நீலகிரிக்கென்றே மெட்ராஸ் அரசு 1879-இல் வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது; அதன் 1991 திருத்தத்தோடு மான் வேட்டைக் கதை முடிந்தது. துப்பாக்கி உரிமத்துக்கான வயதையும் 1983-இல் 16-லிருந்து 21 ஆக்கினார்கள். குடகில் மட்டும் ஆண் குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடும் வழக்கம் உண்டு. குடவர்களுக்கு உரிமத்திலிருந்து விலக்கு 1861 முதலே இருக்கிறது. அவர்களும் மானைச் சுட முடியாது.

போனை ஒட்டுக்கேட்ட என் மகன், "எனக்கு?" என்றான். அவனுக்குப் பன்னிரண்டு. பயிற்சிக்கு அந்த வயதில் சட்டம் இடம் தருகிறது. ஞாயிறன்று பாலேவாடிக்குக் கூட்டிப்போனேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே பயிற்சி எடுத்த இடம் என்றதும் பையனுக்கு ஒரே குஷி. அங்கே ஒருவர் ஏர் ரைஃபிளைக் கையில் கொடுத்தார். ஒரு நிமிஷம் தாங்குவதற்குள் கை நடுங்கிவிட்டது.

நேற்று தம்பி மறுபடி பேசினான். கடைக்குப் போனார்களாம். எல்லா ரைஃபிளுக்கும் கட்டை நீளமாம், பையனுக்குத் தோளில் பொருந்தவில்லையாம். ஒரு வருஷம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார் கடைக்காரர்.