டென்னிஸ் முழங்கை: இயன்முறைச் சிகிச்சை

முழங்கையின் வெளிப்பக்க எலும்பு முனையில் தொடங்கி முன்கைக்கு இறங்கும் வலியே டென்னிஸ் முழங்கை. 1882இல் ஹென்றி மோரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை டென்னிஸ் ஆட்டத்தோடு சேர்த்து எழுதியதில் பெயர் ஒட்டிக்கொண்டது. 1873இலேயே ருங்கே என்ற ஜெர்மன் மருத்துவர் எழுத்துவேலை செய்வோரிடம் இதை விவரித்திருந்தார். கை எதை இறுகப் பிடித்தாலும் மணிக்கட்டு உள்ளே மடங்காமல் தாங்குபவை முன்கையின் புறத்தசைகள். அவற்றின் தசைநாண் எலும்பில் சேரும் இடம்தான் நோகிறது. காஞ்சிபுரத்தில் குழித்தறியில் அமர்ந்து, ஒவ்வோர் ஊடைக்கும் அச்சுப்பலகையை இழுத்தடிக்கும் நெசவாளருக்கு நாள் முழுக்க இதே பிடிதான். கோர்வைச் சேலையென்றால் இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடாக்கள் வேறு.

நாள்பட்ட வலியில் அழற்சியைவிடத் தசைநாண் நார்களின் சிதைவே மிகுதி. அதனால் முழு ஓய்வு அதைச் சீராக்குவதில்லை. அளவறிந்து ஏற்றும் பளுதான் நார்களை மீண்டும் உறுதியாக்கும். முன்கையை மேசைமேல் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்கியிருக்க, சிறு எடையை மறு கையால் தூக்கிவிட்டு, நோகும் கையால் மெல்ல இறக்குவது அடிப்படைப் பயிற்சி. லேசான வலி வரலாம். மறுநாள் காலையில் அது கூடியிருந்தால் எடை அதிகம் என்று பொருள்.

சேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் வாரக்கணக்கில் காத்திருக்க முடியுமா, ஒரு ஸ்டீராய்டு ஊசி போதாதா என்ற கேள்வி நியாயமானது. 198 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஆறாம் வாரத்தில் ஊசி போட்டவர்களில் 78 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். இயன்முறைச் சிகிச்சையில் 65, சும்மா காத்திருந்தவர்களில் 27. ஆனால் ஊசியால் தேறியவர்களில் 72 விழுக்காட்டினருக்கு வலி திரும்பியது. ஒருமுறை விட்ட வலி மறுபடி பிடித்தால் நெசவாளர் இரண்டாம் முறையும் தறியை விட்டு எழ வேண்டும். கூலிக் கணக்கே ஊசிக்கு எதிராகத்தான் நிற்கிறது.

ஓராண்டில் பெரும்பாலும் தானாகவே ஆறும் நோய்க்குச் சிகிச்சை எதற்கு என்பார்கள். அதே ஆய்வில், ஆண்டு முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய இயன்முறைக் குழுவை எட்டிவிட்டது உண்மை. ஆனால் நெய்பவருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள்தான் பிழைப்பு. பயிற்சியோடு தறியையும் கவனித்தால்தான் சிகிச்சை பலிக்கும்: நெய்யும் நேரத்தைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, பிடிக்கும் இடத்தில் துணி சுற்றித் தடிமனாக்குவது, முழங்கைக்குச் சற்றுக் கீழே பட்டை கட்டுவது. முழங்கையை நீட்டி இறுக்கிப் பிடிக்கும்போது மறு கையளவு வலு வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே முழு நாள் நெசவுக்குத் திரும்பலாம்.