30 சதவீதக் கோடு

அமெரிக்க ராணுவத்தில் ஒருவருக்கு முதுகெலும்பு பழுதாகிறது என்று வைத்துக்கொள்வோம். சிகிச்சை கொடுக்கிறார்கள், சரியாகவில்லை. இனி இவரால் இந்த வேலையைச் செய்ய முடியாது என்று ராணுவம் முடிவெடுக்கிறது. அதோடு அவர் உடம்புக்கு ஒரு எண்ணும் வந்துசேர்கிறது. 20 சதவீதம் என்றால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 30 என்றால் ஆயுள் முழுக்க ஓய்வூதியம், அவருக்கும் குடும்பத்துக்கும் ராணுவ மருத்துவக் காப்பீடு. நடுவில் 25 கிடையாது. எண்கள் பத்துப் பத்தாகத்தான் நகரும். 20 வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு மட்டும் இந்தக் கோடு பொருந்தாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய நிரலில் ஒரு நிபந்தனை வரியைப் பார்த்தால், இந்த எண் எப்போது, எந்தச் சூழலில் இங்கே வந்து உட்கார்ந்தது என்று தோண்டிப் பார்ப்பது தொழில் தந்த பழக்கம். இந்த 30-ஐயும் அப்படித்தான் தோண்டினேன்.

உடம்பை எண்ணாக்கும் வழக்கம் அந்த நாட்டுக்குப் பழசு. 1776 ஆகஸ்டில், சுதந்திரம் அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், போரில் உறுப்பிழந்து பிழைக்க வழியற்றுப் போனவர்களுக்குப் பாதிச் சம்பளம் என்று சட்டம் போட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது வந்த 1862-ஆம் ஆண்டுச் சட்டம், முழுதாக ஊனமான சாதாரண சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், லெப்டினன்ட் கர்னலுக்கு 30 டாலர் என்றது. பின்னால் ஒரு கை அல்லது ஒரு பாதம் போனால் 18 டாலர் என்று ஆனது. பரிசோதித்த மருத்துவர்கள் மற்ற ஊனங்களைப் பதினெட்டில் இத்தனை பங்கு என்று எழுதினார்கள். ஒருவருடைய மூட்டுவலி பதினெட்டில் ஆறு. கேட்கச் சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? சதவீதம் மட்டும் நமக்கு ஏன் இயல்பாகத் தெரிகிறது என்றும் யோசிக்கலாம்.

1917-ல் கணக்கின் அடிப்படையே மாறியது. முதல் உலகப் போருக்காக வந்த சட்டம், ஒரு காயம் சிவில் வேலைகளில் சராசரியாக எவ்வளவு சம்பாத்தியத்தைக் குறைக்கும் என்பதை அளக்கச் சொன்னது. இன்று முன்னாள் படைவீரர் துறை வைத்திருக்கும் சதவீதப் பட்டியலின் வேர் இதுதான். ராணுவத்தின் கேள்வியோ வேறு: இந்த ஆள் தன் பதவிக்குரிய கடமையைச் செய்ய முடியுமா, முடியாதா? 1949-ல் வந்த ஊதியச் சட்டம் இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. தகுதியை ராணுவம் முடிவுசெய்யும். சதவீதத்தை மற்றத் துறையின் பட்டியலிலிருந்து எடுக்கும். 30 சதவீதக் கோடு பிறந்தது அந்தச் சட்டத்தில்.

முடிச்சு எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் 50-ம் 30-ம் சேர்ந்தால் 80 ஆகாது. முதல் காயம் போக மீதி 50 சதவீத ஆள்தான் இருக்கிறார்; அதில் 30 சதவீதம் 15. மொத்தம் 65, அருகிலுள்ள பத்துக்கு ஏற்றினால் 70. இப்போது சின்ன எண்களைப் போடுங்கள். முதுகுக்கு 10, முழங்காலுக்கு 10, தோளுக்கு 10. கூட்டினால் 27, அது 30 ஆகிறது. ‘தோள் வலி இவருடைய வேலையைத் தடுக்கவில்லை’ என்று வாரியம் ஒரு வரி எழுதிவிட்டால் மிச்சம் 19, அது 20. அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் மருத்துவக் காப்பீடு போய்விடும்.

ஏனென்றால் ராணுவம் எண்ணுவது, வேலைக்குத் தடையான காயங்களை மட்டும். முன்னாள் படைவீரர் துறை, சேவையில் வந்த எல்லாக் காயங்களையும் எண்ணும். பல ஆண்டுகள் ஒரே உடம்பு இரண்டு இடத்தில் பரிசோதிக்கப்பட்டு இரண்டு எண்களோடு திரும்பியது. இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் வந்தபோது இது தாங்கவில்லை. 2007 பிப்ரவரியில் வாஷிங்டன் போஸ்ட்டில் டானா பிரீஸ்ட், ஆன் ஹல் இருவரும் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை பற்றி எழுதினார்கள். 18-ஆம் எண் கட்டடத்தின் பூஞ்சைச் சுவரும் எலிகளும்தான் பலருக்கு நினைவிருக்கும். அதே கட்டுரைகளில், காகிதங்களைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்த, தலையில் அடிபட்டு ஞாபகம் குழம்பிய சிப்பாய்களும் இருந்தார்கள். ராணுவச் செயலர் பதவி விலகினார். பாப் டோல், டோனா ஷலேலா தலைமையில் குழு அமைந்தது. டோல் 1945-ல் இத்தாலியில் காயம்பட்டு வலது கை செயலிழந்தவர்.

அந்த ஆண்டு நவம்பரில் சோதனையாகத் தொடங்கிய புதிய முறையில், ஒரே மருத்துவப் பரிசோதனை. தகுதியை ராணுவம் சொல்லும், சதவீதத்தை மற்றத் துறையே சொல்லும். 2011-ல் எல்லா இடத்துக்கும் பரவியது. 295 நாளில் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். சரி, எல்லாம் தீர்ந்ததா என்றால், முழுசா இல்லை. வேலைக்குத் தடையானவை எவை என்று முடிவெடுப்பது இன்னும் ராணுவ வாரியம்தான்.

மனக்காயத்தின் கதை இன்னும் கசப்பானது. போர் அதிர்ச்சியால் மனம் உடைந்து வெளியே அனுப்பப்படுபவருக்குத் தொடக்கத்தில் குறைந்தது 50 சதவீதம் தரவேண்டும் என்று விதி இருந்தது. ராணுவம் பலருக்கு 10 அல்லது அதற்கும் கீழே போட்டு அனுப்பியது. 2008-ல் ஏழு பேர் வழக்குப் போட்டார்கள். மூன்றாண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பலன் கிடைக்கும் உடன்பாட்டில் அது முடிந்தது.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு உறுத்துவது ஒன்றுதான். வலியைச் சொல்லாமல் ஓடு என்று பழக்கப்பட்ட ஆள், கடைசி வருடத்தில் ஒவ்வொரு வலியையும் காகிதத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சொல்லாமல் விட்ட முழங்கால் கோப்பில் இல்லை. கோப்பில் இல்லாதது எண்ணில் வராது. நல்ல சிப்பாயாக இருந்ததே கடைசியில் அவருக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. அதனால்தான் இதைக் கடந்துவந்த பலர் புதியவர்களுக்குச் சொல்லும் அறிவுரை மிக எளிது: வலித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போ, எழுதச் சொல், நகல் வாங்கி வை, வாரியம் தகுதியற்றவர் என்று சொல்லி எண்ணைத் தந்தால், கையெழுத்துப் போடுமுன் வக்கீலைப் பார், நேரடி விசாரணை கேள்.

2001 செப்டம்பர் 11 முதல் 2009 முடிவு வரை 20 சதவீதமோ அதற்குக் குறைவோ பெற்று வெளியேறியவர்களின் கோப்புகளை மறுபடி திறந்து பார்க்க ஒரு மறுஆய்வு வாரியத்தைச் சட்டம் உருவாக்கியது. அந்த வாரியம் எண்ணைக் கூட்டலாம், குறைக்க முடியாது. இத்தனை ஆண்டு வரலாற்றில், இருப்பதும் போய்விடுமோ என்ற பயமில்லாமல் ஒரு சிப்பாய் போய்த் தட்டக்கூடிய கதவாக அது இருந்தது. 1949-ல் போட்ட கோடு மட்டும் இன்னும் அதே 30-ல் நிற்கிறது.