வஸ்வாஸும் மனோவசியமும்



உளுச் செய்துவிட்டு வந்த பிள்ளை மறுபடியும் பைப்படிக்குப் போகிறது. பத்தாவது தடவை. "வஸ்வாஸ்" என்று ஏசுகிறோம், இல்லாவிட்டால் ஓதிப் பார்க்கக் கொண்டுபோகிறோம். இது ஈமான் குறைவா, நோயா?

கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி, உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றிய தன் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். உடலைப் போல உள்ளமும் நோயுறும், அதற்கும் வைத்தியம் உண்டு என்றார்.

நம் நாட்டில் மனோவசியத்தால் வைத்தியம் பார்த்துப் பேர் பெற்றவர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் படிப்பித்த தாவரவியல் ஆசிரியர். பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களை மனோவசியத்தில் ஆழ்த்தி, உள்ளே அடைபட்ட பயத்தைப் பேசவைத்தார். அவருடைய நாத்திகம் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்ட பொறுமையைப் படித்துக்கொள்ளலாம்.

மனோவசியம் பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் ஓ.சி.டி. எனும் நோய்க்கு அது மட்டும் போதாது. கழுவச் சொல்லும் எண்ணம் வந்தாலும் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் பயிற்சியும், தேவையானால் டொக்டர் தரும் மாத்திரையுமே பலன் நிரூபணமான வைத்தியம்.

சந்தேகம் எல்லோருக்கும் வரும். அது பிள்ளையின் நாளையே தின்றால், ஏசாமல் திருகோணமலை ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926க்கு அழைத்தும் பேசலாம். துஆவும் செய்வோம், மருந்தும் எடுப்போம்.