பழஞ்சோற்றுப் பானையும் தோட்டத்துப் பீலியும்

1990களின் நடுப்பகுதியில் ஹட்டனை அடுத்த ஒரு தோட்டத்திற்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். லயங்களில் வயிற்றோட்டம் பரவியிருந்தது. காம்பரா வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "பழஞ்சோறு குடிச்ச காலத்துல எங்க வயிறு இப்புடிக் கெட்டதில்ல தம்பி" என்றார். பழங்கால ஏக்கம் என்று எண்ணி அதை நான் செய்தியில் சேர்க்கவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். மறுபாதியையும் சொல்லியாக வேண்டும்.

கோப்பிக் காலத்திலும், 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தபின் தேயிலைக் காலத்திலும், தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மலையேறியவர்கள் பழஞ்சோற்றுப் பழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். அரிசியைத் தோட்டமே வழங்கிக் கணக்கில் கழித்தது. விடியுமுன் பிரட்டுக்களத்திற்கு ஓட வேண்டியவர்களுக்கு இரவே நீரூற்றி வைத்த சோறுதான் காலை உணவு. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவின் குளிரில் சோறு எளிதில் புளிக்காது. எனவே பானையை அடுப்போரம் வைத்து, முதல்நாள் நீராகாரத்தில் ஒரு கை சேர்ப்பார்கள்.

அந்த ஒரு கை நீரில் இருந்தவை லாக்டிக் அமிலக் கிருமிகள். அவை மாச்சத்தைப் புளிப்பாக்க, அப்புளிப்பில் பல தீய கிருமிகள் பெருக முடிவதில்லை. குடலிலும் இத்தகைய கிருமிகள் இடத்திற்கும் உணவிற்கும் தீயவற்றோடு போட்டியிடக்கூடும். ருசிய அறிஞர் மெச்னிகோவ், புளித்த பால் குடலின் தீய கிருமிகளை அடக்கும் என 1907இல் நூலெழுதினார். மறு ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அது நோயெதிர்ப்பு ஆய்வுக்காக.

நூற்றாண்டு கழித்து ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. லாக்டோபசிலஸ் பிளாண்டாரம் என்னும் கிருமியை அதற்கு ஏற்ற சர்க்கரைப் பொருளுடன் ஏழு நாட்கள் கொடுத்தபோது, குருதித் தொற்றும் மரணமும் சேர்ந்து சுமார் 40 விழுக்காடு குறைந்தன. 2017இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது. ஆயினும் அது தேர்ந்தெடுத்து, அளவிட்டுக் கொடுத்த கிளையினம். எந்தப் புளித்த சோறும் அதற்கு ஈடு என்று கொள்ளலாகாது. பச்சிளங் குழந்தைக்குச் சோற்றுநீர் ஊட்டவும் கூடாது.

இனி மறுபாதி. பழஞ்சோறு நாளும் உண்ட காலத்திலும் லயங்களில் வயிற்றுக்கடுப்பும் கொக்கிப்புழுவும் உயிர்களைத் தின்றன. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தார் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்தோடு மலகூடங்களையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. 1973-74 பஞ்சத்தில் அரிசி அருகியது. தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1974இல் தோட்டங்களின் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியைப் போல் இருமடங்கைத் தாண்டியது. கோதுமை ரொட்டி நிலைத்த அடுப்புகளில் பழஞ்சோற்றுப் பானைக்கு வேலை குறைந்தது.

பானையை மீட்பது நல்லதே. ஆனால் வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது ஜீவனி. லயத்திற்கு முதலில் வேண்டியது தூய நீர். மேட்டிலுள்ள கழிவு கலந்த நீரே பீலியில் வழியுமானால், பானைக்குள் வாழும் நற்கிருமிகள் எத்தனை நாள் போராடும்?

அந்த மூதாட்டியின் சொல்லை அன்று அச்சேற்றியிருக்க வேண்டும். அதனருகே அந்தத் தோட்டத்துப் பீலியின் படத்தையும்.