கப்பல் ஏட்டுல எங்க ஊர்

போன தை மாசம் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒருத்தர் எங்க ஊருக்கு வந்தார். தமிழ் தெரியாது. என் பொண்ணுதான் நடுவுல பேசினா. அவர் கையில கப்பல் ஏட்டு நகல் ஒண்ணு.

நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போன முதல் கப்பல் 'ட்ரூரோ'. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் இப்படி ஒப்பந்தக் கூலியாகப் போயிருக்காங்க. ஆளுக்கு ஒரு நம்பர். பேர், அப்பா பேர், வயசு, சாதி, ஜில்லா, ஊர், அங்க அடையாளம் எல்லாம் ஏட்டுல இருக்கு.

காதுல விழுந்ததை இங்கிலீஷ்ல எழுதினதால ஊர்ப் பேர் கண்ணுக்குப் பிடிபடாது. வாய்விட்டுப் படிச்சேன். எங்க ஊரேதான்.

அப்பா பேரைப் படிச்சதும் திக்குனு ஆச்சு. எங்க மேட்டுக் கொல்லையை இன்னைக்கும் அந்தப் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறோம்.

பேர் மட்டும் ஒத்துப்போனா போதாதே. தகரப் பெட்டியைத் திறந்து பழைய கிரையப் பத்திரத்தை எடுத்தேன். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) அப்புறம் என் கொள்ளுத்தாத்தாவுக்கு அந்தக் கொல்லையை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். பத்திரம் எழுதின மறுவருஷம் மகன் கப்பல் ஏறியிருக்கார். என்ன விலைக்கு வாங்கினோம்னு பார்த்தேன். அதைச் சத்தமாப் படிக்க நாக்கு எழும்பல.

அவர் நிலம் கேட்டு வரல. கொல்லையைச் சுத்திப் பார்த்துட்டு, பத்திரத்தைப் போட்டோ எடுத்துக்கிட்டார்.

உங்க வீட்டுப் பழைய பத்திரங்களைத் தூக்கிப் போட்டுடாதீங்க. வாங்கினவர் பேரை நீங்க தேடுவீங்க. வித்தவர் பேரை யாரோ கடலுக்கு அந்தப் பக்கம் தேடிக்கிட்டு இருப்பாங்க.