72.6 அடி பாத்தியில் பிறந்த சமன்பாடு

சாட்டிலைட் படத்தை வெச்சு மண்ணரிப்பைக் கணிக்கிறாங்கன்னு படிச்சா, ஏதோ மேலேர்ந்து ஒரு கேமரா மண் கரைஞ்சு போறதையே பார்த்துட்டிருக்குன்னு தோணும். அப்படியெல்லாம் இல்லைங்க. அந்தக் கலர் கலரான வரைபடங்களில் பெரும்பாலானதுக்கு அடியில இருக்கறது, அமெரிக்க ஆராய்ச்சிப் பண்ணைகள்ல போட்ட பாத்திக் கணக்கு.

1930கள்ல அங்கே புழுதிப் புயல் அடிச்ச கதை தெரிஞ்சதுதான். ஹ்யூ பென்னட் போராடி, 1935 ஏப்ரல்ல மண் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. புயல் காத்தோட வேலை. ஆனா பென்னட் அதுக்கு ரொம்ப முன்னாடியே மழைத்தண்ணி கொண்டுபோற மண்ணைப் பத்தித்தான் கவலைப்பட்டுட்டிருந்தார்.

அந்தப் பாத்திகள்ல பலது 6 அடி அகலம், 72.6 அடி நீளம். ஏன் இந்த விநோத அளவு? பெருக்கிப் பாருங்க, ஒரு ஏக்கர்ல சரியா நூத்துல ஒரு பங்கு. கணக்குக்கு வசதி, அவ்வளவுதான் :-) கீழ்முனையில தொட்டி வெச்சு, மழைக்கு மழை வழிஞ்ச மண்ணை அளந்தாங்க.

1954-ல பர்டியூ பல்கலைக்கழகத்துல இந்தக் கணக்கையெல்லாம் ஒண்ணு சேர்க்க ஒரு மையம் வந்துச்சு. வால்டர் விஷ்மயரும் ட்வைட் ஸ்மித்தும் 10,000 பாத்தி-வருஷத் தகவலை அலசி, 1965-ல கையேடா வெளியிட்டாங்க. மழையோட அடி, மண்ணோட குணம், சரிவின் நீளம், செங்குத்து, பயிர் மூடாக்கு, பாதுகாப்பு முறை. ஆறையும் பெருக்கினா வருஷ சராசரி மண் இழப்பு.

சாட்டிலைட் பின்னாடி வந்து ஒட்டிக்கிச்சு. 1972-ல பறந்த முதல் லேண்ட்சாட்டும் அதோட தம்பிகளும் பச்சையைக் காட்டுச்சு. 2000 பிப்ரவரியில எண்டவர் விண்கலம் ரேடாரால 11 நாள்ல உலகத்தோட பெரும்பகுதி நிலத்தின் மேடுபள்ளத்தை அளந்துச்சு. மூடாக்கும் சரிவும் கம்ப்யூட்டர்லயே கிடைச்சுது.

இங்கதான் வில்லங்கம். பாத்திகள் பெரும்பாலும் 3 முதல் 18 சதவீதச் சரிவுல இருந்தவை. அதைத் தூக்கி மலைக்குப் போடறாங்க. ஓடை வெட்டிக்கிட்டுப் போற அரிப்பு இந்தக் கணக்குலயே கிடையாது. கீழே படியற மண்ணும் கிடையாது. தப்பா பயன்படுத்தாதீங்கன்னு விஷ்மயரே 1976-ல ஒரு கட்டுரை எழுதினார். யார் கேட்டா?

பச்சையா தெரிஞ்சாலே பத்திரம்னு அர்த்தமில்லை. உயரமான தேக்குத் தோப்பு மேலேர்ந்து பார்த்தா பச்சைப்பசேல். அடியில சருகைக் கூட்டிட்டாலோ கொளுத்திட்டாலோ வெறும் தரை. அந்தப் பெரிய இலைகள்ல சேர்ந்து விழற சொட்டு, சாதாரண மழைத்துளியை விடப் பெருசு. தரையை ஓங்கி அடிக்கும். வரைபடம் அந்த இடத்துக்குப் பச்சை அடிச்சிடும், தடுப்பணைக் காசு சிவப்பு அடிச்ச பக்கம் போயிடும்.

உங்க ஊர்ப்பக்கம் தேக்குத் தோப்பு இருந்தா, அடுத்த நல்ல மழையில குடையோட போய், தரையில ஓடற தண்ணி என்ன நிறம்னு பார்த்துட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க.